நேராக வராத வழி

கார் ஓய்ந்து பனி இறங்கிய மாதம்
மிளகுப் பொதி ஏற்ற வந்த வணிகச் சாத்தோடு
தாண்டிக்குடி மலைக்குக் காவலாளாய் வந்தான்.
உடம்பு முழுக்கச் சட்டை. கொம்புத்தேன் நிறத்தில் தாடி.
அட்டை கடித்த காலைத் தூக்கிக்கொண்டு
ஒற்றைக்காலில் நின்று கத்தினான்.
யவனன் யவனன் என்று பிள்ளைகள் கூவின.
நான் சுண்ணாம்பு தொட்டு வைத்தேன்.
பல்லைக் கடித்தபடி அவன் சொன்ன முதல் தமிழ்ச்சொல்:
"அல்ல."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
கதை முழுவதும் சொல்லி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.
அவன் ஊரை எரித்தவர்களே யவனர்கள்.
சாம்பலில் பிடிபட்ட பையன்களுக்கு
ஈட்டி கொடுத்துக் கப்பலேற்றியவர்கள்.
கதுமாரோஸ் என்றான் தன் பெயரை.
எங்கள் நாக்கில் கதுமாறன் ஆகிப்போனான்.
"மாறனா? அது மதுரைக்காரன் பெயராயிற்றே"
என்று என் அண்ணன் அந்துவன் வில்லைத் தேடினான்.

மேட்டுச் சரிவில் கல்திட்டைகளைக் காட்டினேன்.
நின்ற கற்கள் கிடந்த கல்லைச் சுமக்கும் வீடு.
செருப்பைக் கழற்றினான்.
மேல்கல்லில் கன்னத்தை வைத்தான்.
அவன் நாட்டிலும் இதே உண்டாம். இதே உயரம், இதே பாசி.
"உள்ளே யார்?"
"தெரியாது. எங்களுக்கு முன்பே இருந்தவர்கள்."
சிரித்துவிட்டான். அங்கே கேட்டாலும்
இதே பதில்தானாம்.
அன்றிரவு மழைக்கு அதற்குள் ஒதுங்கினோம்.
செத்தவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை.
இடம் குறுகல். அவ்வளவுதான் சொல்வேன்.

விடியலில் பொற்காசு ஒன்றை எடுத்து
அதிலிருந்த அரசன் முகத்தைக்
கத்தியால் குறுக்கே வெட்டினான்,
காது முதல் தாடை வரை.
"இவன் உன் கழுத்தில் முழுசாகக் கிடக்க வேண்டாம்."

பொன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டான்.
சாலையைப் பற்றித்தான் பேசுவான்.
"முதலில் மது விற்பார்கள். பிறகு நண்பன் என்பார்கள்.
பிறகு சாலை. அது நேராக வரும், வெண்ணி.
தோப்பையும் சுற்றாது, சுடுகாட்டையும் சுற்றாது.
அதன்மேல் முதலில் வருவது உப்பு."
"உப்பு நல்லதுதானே" என்றேன்.
விறகை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

தைப் பனியில் கீழ்நாட்டு வேந்தனின் தூதன் வந்தான்.
வண்டி ஏற ஒரு வழி, மிளகுக்கு இரட்டை விலை,
உப்புக்குப் பாதி.
மன்றமே தலையாட்டியது. நானும்தான்.
வழி அளக்க யாருக்குத் தெரியும்?
யவனருக்குத் தெரியும் என்றான் தூதன்.
கோலையும் கயிற்றையும்
கதுமாறன் கையில் கொடுத்தார்கள்.

ஏழு நாள் முளை அடித்தான்.
எட்டாம் நாள் ஓடைக்கரையில் மறித்துக் கேட்டேன்:
"உன் ஊருக்கு வந்ததை
என் ஊருக்கு நீயே அளந்து கொண்டுவருகிறாயா?"
"கயிறு ஈரம்" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
கீழே எறியக் காசைக் கழற்றினேன்.
எறியவில்லை.

உப்பு வந்தது. அடுத்த ஆண்டு யானை வந்தது.
அந்துவன் முதல் அம்பிலேயே விழுந்தான்.
அளவுகாரனைப் படையோடு
மேற்குத் துறைக்கு ஓட்டிப்போனார்கள்.
திரும்பிப் பார்த்தானா என்று கேட்பீர்கள்.
புழுதி. தெரியவில்லை.

வழி இன்னும் இருக்கிறது.
மலையடி தொட்டு உச்சிவரை
அம்பு விட்டதுபோல் ஏறுகிறது.
ஒரே ஓர் இடத்தில், பாறையில்லை, பள்ளமில்லை,
காரணமே இல்லாமல் இடப்பக்கம் வளைந்து
கல்திட்டைகளைச் சுற்றிக்கொண்டு போகிறது.
பாரவண்டி அங்கே சாயும். அச்சு முறியும்.
"எந்தக் குருடன் அளந்தான்" என்று
வண்டிக்காரர்கள் திட்டுவார்கள்.

நான் அந்த வளைவில்தான்
அச்சுக்கட்டை விற்கிறேன்.
நல்ல வியாபாரம்.